அப்பாவும் பிள்ளையும் செய்த கிதார்

1998-ஆம் வருடம். லண்டன்காரரான பிரையன் மே தன்னுடைய கிதாரை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரெக் ஃப்ரையர் என்பவரின் கையில் ஒப்படைத்தார், பழுது பார்த்துக் கொடுப்பதற்காக. கிதாரைப் பழுது பார்க்கக் கொடுப்பதில் என்ன பெரிய சரித்திரம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. உலகத்தில் அந்தக் கிதார் ஒன்றே ஒன்றுதான். கடையில் வாங்கியது அல்ல. அதைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரையன் மே. இன்னொருவர் அவருடைய அப்பா ஹெரால்ட் மே. அப்பா இறந்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.

பிரையன் மே யார் என்று தெரியாதவர்களுக்கு: 'குவீன்' என்ற ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர். அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி பள்ளிக்கூடம் படித்தது நம் நாட்டில், மகாராஷ்டிரத்தில் இருக்கும் பாஞ்ச்கனியில் (இது பலருக்குத் தெரியாது!). சரி, கிதாருக்கு வருவோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு பிரிட்டனிடம் டாலர் கையிருப்பு குறைவு. அதனால் அமெரிக்கப் பொருட்களின் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். வாத்தியக் கருவிகளும் அதில் மாட்டிக்கொண்டன. 1950-களில் ஃபெண்டர், கிப்ஸன் போன்ற அமெரிக்கக் கிதார்களை ஆங்கிலேயப் பையன்கள் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. 1959-இல் தடை விலகியது. பொருள் கடைக்கு வந்தது, ஆனால் விலை நூறு பவுண்டுக்கு மேல். தேவை இருக்கிறது, சரக்கும் இருக்கிறது, வாங்கும் சக்தி மட்டும் இல்லை. பொருளாதாரப் பாடத்தில் வெறும் விருப்பத்தையும் பயனுறு தேவையையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஹெரால்ட் மே அரசாங்கத்தின் விமானத் துறையில் வரைவாளர். எலக்ட்ரானிக்ஸ் அத்துப்படி. வீட்டு ரேடியோவையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் அவரே செய்தார். மனிதருக்குக் கடைக்குப் போகும் பழக்கமே கிடையாது போலிருக்கிறது! பையனிடம் ஏழாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த சாதாரண மரக்கிதார் ஒன்று இருந்தது. அவனுக்கு எலக்ட்ரிக் கிதார் வேண்டும். வாங்க முடியாது. அப்படியானால் செய்துவிடலாம் என்று 1963 ஆகஸ்டில் இருவரும் வேலையை ஆரம்பித்தார்கள். பையனுக்கு அப்போது 16 வயது. வீட்டில் காலியாக இருந்த ஓர் அறைதான் பட்டறை. பெரும்பாலும் கைக்கருவிகள். முடிப்பதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது.

எதை வைத்துச் செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. கிதாரின் கழுத்துக்கு, குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் தூக்கி எறிய இருந்த பழைய கணப்படுப்பைச் சுற்றியிருந்த மரச்சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட மஹோகனி மரம். அதில் புழு துளைத்த ஓட்டைகள் இருந்தன. தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். உடம்புக்கு ஒரு பழைய மேஜையின் ஓக் மரமும் பிளாக்போர்டு பலகையும், மேலே மெல்லிய மஹோகனித் தகடு. கழுத்தில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மீட்டும்போது தந்தியின் ஓசையை நடுங்க வைக்க டிரெமலோ என்ற அமைப்பு வேண்டும். அது ஒரு பழைய எஃகுக் கத்தியின் விளிம்பின் மேல் தராசு போல ஆடுகிறது. தந்தி இழுப்பதற்கு எதிராக அதைப் பிடித்து நிறுத்துபவை 1928-ஆம் வருடத்து பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. கையில் பிடித்து அசைக்கும் தண்டு, சைக்கிளில் பை மாட்டுகிற கம்பி. தண்டின் முனை, அம்மாவின் பின்னல் ஊசியின் நுனி.

மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு என்று சொல்வார்கள். இரண்டு பேரின் இரண்டு வருட உழைப்புக்கு அந்தக் கணக்கில் சம்பளம் போடவில்லை, அது வேறு விஷயம்.

ஏதோ கிடைத்ததை ஒட்டவைத்த விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்புக்குள் வேண்டுமென்றே காலி அறைகள் விட்டார்கள், ஸ்பீக்கரின் சத்தம் கிதாரைத் திரும்பத் தட்டி எழுப்பி, சுரம் நீண்டுகொண்டே போக வேண்டும் என்பதற்காக. தந்திகள் உராய்ந்து சுருதி கலையாமல் இருக்க, பாலத்தில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சின்ன உருளை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைக்கூட முதலில் கடையில் கிடைத்த பொத்தான் காந்தங்களைக் கொண்டு சொந்தமாகவே செய்தார்கள். ஆனால் தந்தியை வளைத்து வாசித்தால் ஒலி சரியாக வரவில்லை. அதனால் பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப் மூன்றை வாங்கிப் போட்டார்கள். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு ஸ்விட்ச். ஒன்று அணைக்கவும் போடவும், இன்னொன்று மின் அலையைத் தலைகீழாகத் திருப்ப. மூன்றையும் விதவிதமாகச் சேர்த்தால் வேறு கிதாரில் கிடைக்காத ஓசைகள் கிடைக்கும். இந்தக் கிதாருக்கு 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர். நிறம் காரணம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் மனதைப் பிசைகிற பகுதி. பிரையன் படிப்பில் கெட்டிக்காரர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வான் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். குவீன் குழு மேலே வர ஆரம்பித்ததும், 1974-இல் டாக்டர் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு கிதாரோடு கிளம்பினார். அப்பாவுக்குத் தாங்க முடியவில்லை. இருவருக்கும் சிறிது காலம் பேச்சே இல்லை. யோசித்துப் பாருங்கள், பிள்ளையைப் படிப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போன பொருளை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்து கொடுத்ததே அந்த அப்பாதான்! (நம் வீடுகளில் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் புலம்புவதில்லையா?)

1977-இல் பிரையன் பெற்றோரை கன்கார்டு விமானத்தில் நியூயார்க்குக்கு அழைத்துப் போனார். பார்வை மறைக்கும் வானிலையில் அந்த விமானம் தரையிறங்க உதவும் கருவி வேலையில் ஹெரால்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதில் பயணம் செய்தது அதற்கு முன் கிடையாது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் கூட்டம் ஆர்ப்பரிப்பதைப் பார்த்த பிறகு, மகன் ஏன் போனான் என்று புரிந்துவிட்டதாக அப்பா ஒப்புக்கொண்டார். 1988-இல் ஹெரால்ட் காலமானார். விட்ட ஆராய்ச்சியை பிரையன் 2007-இல் முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

அப்பா இல்லாமல் போனதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அது கிதாருக்கு வந்த சிக்கல்.

சாதாரண எலக்ட்ரிக் கிதாரையே அவ்வப்போது ஆசாரியிடம் காட்டி 'செட்டப்' செய்ய வேண்டும். கிதார் வேலைக்காரரை மேல்நாட்டில் லூதியர் என்பார்கள். ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை சுமார் 40 முதல் 50 கிலோ எடைக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன, இரவும் பகலும். மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மெல்ல மெல்லக் கழுத்து வில் மாதிரி வளையும். தந்தி மேலே எழும்பினால் விரல் வலிக்கும், கீழே இறங்கினால் உலோகக் கட்டைகளில் பட்டு 'ஸ்ஸ்' என்று இரையும். ஆசாரி கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பியைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி வளைவைச் சரி செய்வார். தந்தியின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்குவார். கழுத்தின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று பாலத்தை நகர்த்திப் பார்ப்பார். உலோகக் கட்டைகள் பள்ளம் விழுந்திருந்தால் ராவுவார், முடியாவிட்டால் மாற்றுவார்.

ஃபெண்டர் கிதார் என்றால் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. அளவுகள் புத்தகத்தில் இருக்கின்றன, உதிரிபாகம் கடையில் இருக்கிறது. தப்பாகப் போனால் காசு நஷ்டம், அவ்வளவுதான். ரெட் ஸ்பெஷலுக்கு உதிரிபாகத்துக்கு எந்தக் கடைக்குப் போவது? 1928 மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்குக்கா? கழுத்துக்குள் இருக்கும் கம்பியே அவர்கள் நெருப்பில் காட்டி வளைத்தது. உள்ளே எது எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் இருவர், அதில் ஒருவர் இல்லை. இத்தனைக்கும் இது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொருள் அல்ல. முப்பது வருடம் மேடைகளில் வியர்வையிலும் விளக்குச் சூட்டிலும் உழைத்தது. 1985 ஜூலையில் வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் கச்சேரியிலும் அதுதான். போதாக்குறைக்கு பிரையன் மே மீட்டுவது பிளாஸ்டிக் துண்டால் அல்ல, பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால். (அந்த நாணயத்தை பிரிட்டன் 1980-இல் செல்லாததாக்கிவிட்டது. செல்லாத காசுக்கும் ஒரு வேலை!) ஆக, அடி, கீறல், தேய்மானம் எல்லாம் சேர்ந்துகொண்டே வந்தன.

நகல் எடுத்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். 1970-களில் ஜான் பெர்ச் என்ற ஆங்கிலேயக் கிதார் தயாரிப்பாளர் ஒன்று செய்து கொடுத்தார். பார்வைக்கு அதே வடிவம், கையில் எடுத்தால் அது இல்லை. 1982-இல் அமெரிக்காவில் ஒரு கச்சேரியின் நடுவே அசல் கிதாரின் தந்தி அறுந்து, இதை எடுத்து வாசிக்க, சுருதி நிற்காத கோபத்தில் பிரையன் அதைத் தூக்கி எறிந்து உடைத்துவிட்டார். சாதுவான மனிதர் என்று பெயர் எடுத்தவர் அவர்! 1980-களில் கில்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியும் அந்த மாதிரியில் கிதார்களை விற்றது. அசல் அசலாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் கிரெக் ஃப்ரையர் வருகிறார். சிட்னியைச் சேர்ந்த வாத்திய ஆசாரி. 1990-களின் நடுவில் அவர் பிரையன் மேயிடம் கேட்டது, பழுது பார்க்கக் கொடுங்கள் என்று அல்ல. அளந்து பார்க்க அனுமதி. கிதாரின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போய், ஒன்றல்ல, மூன்று நகல்கள் செய்தார். மூன்றுக்கும் பெயர் வைத்தார்: ஜான், பால், ஜார்ஜ் பர்ன்ஸ். பீட்டில்ஸ் குழுவும் பர்ன்ஸ் பிக்கப்பும் சேர்ந்த குறும்பு அது. ஜானும் பாலும் பிரையன் மேயிடம் மாற்றுக் கிதார்களாகப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது ஃப்ரையரிடமே நின்றது.

அசல் கிதார் அவர் கைக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். நம்பிக்கைக்கு வியாபாரத்தில் பிணை கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள். ஃப்ரையர் கொடுத்த ஜாமீன் மூன்று கிதார்கள். ஒன்றைத் தானே மூன்று முறை முதலிலிருந்து கட்டிப் பார்த்தவனுக்கு, அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கை சொல்லும். பேச்சில் ஆயிரம் உறுதி கொடுத்திருந்தாலும் அந்த நிம்மதி பிரையனுக்கு வந்திருக்காது என்றே தோன்றுகிறது.

எவ்வளவு பழுது பார்ப்பது என்பது பெரிய கேள்வி. எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டால் பளபளக்கும், ஆனால் அது அப்பா செய்த கிதாராக இருக்காது. ஒன்றையும் தொடாமல் விட்டால் ஒரு நாள் மேடையில் கைவிட்டுவிடும். ஃப்ரையர் அடிபட்ட மரத்தைச் சரி செய்தார், பூச்சு போன இடங்களைச் செப்பனிட்டார். தந்திகளுக்குக் கீழே வரிசையாக இருக்கும் 24 உலோகக் கட்டைகளைப் பிடுங்கிப் புதிதாகப் போடவில்லை. கழுத்தின் உச்சியில் 'ஜீரோ ஃபிரெட்' என்று இன்னொரு கட்டை உண்டு. விரல் வைக்காதபோது ஆறு தந்திகளும் அதன் மேல்தான் படுத்திருக்கும், அதனால் அது வேகமாகத் தேயும். அது மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. மற்றவை பையனும் அப்பாவும் 1960-களில் அடித்து இறக்கியவை.

2002 ஜூன் 3-ஆம் தேதி, இங்கிலாந்து ராணியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மேல் நின்று பிரையன் மே அந்த நாட்டின் தேசிய கீதத்தை வாசித்தார். உயரத்தில், காற்றில், உலகம் பூராவும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க. ஒரு தந்தி கலைந்தாலும் மானம் போய்விடும். கையில் இருந்தது ரெட் ஸ்பெஷல்தான்.

2014-இல் இந்தக் கிதாரைப் பற்றியே ஒரு புத்தகம் வந்தது. அதற்காக அதை முழுக்கப் பிரித்து ஒவ்வொரு பாகமாகப் படம் எடுத்தார்கள். ஸ்பிரிங், கத்தி விளிம்பு, பொத்தான், பின்னல் ஊசி நுனி எல்லாம் வரிசையாக. பிறகு திரும்பப் பூட்டினார்கள். பிரையன் மே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கச்சேரிக்குப் போய்விட்டார்.