மூன்றாவது பொத்தான் பிறந்த கதை

திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் ரேடியோ திருத்துகிற கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வாக்குவாதம் காதில் விழும். "வால்வ் செட்டின்ர சத்தம் இனி எங்க வரப்போகுது தம்பி?" என்பார் ஒருவர். "அண்ணை, எஸ்.டி.கே. ஐசி போட்ட செட்டைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ" என்பார் மேசைக்குப் பின்னால் இருப்பவர். உள்ளங்கை அளவு கிளாஸ்-டி போர்டு ஒன்றை வாங்க வந்த பொடியன் யாரை நம்புவதென்று தெரியாமல் நிற்பான். பேசுகிற இருவரும் தங்கள் காதால் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும்போது இருவருக்கும் கண் திறந்திருந்தது. எந்தச் செட் ஓடுகிறது, அதன் விலை என்ன என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

1960களில் ட்ரான்சிஸ்டர் வந்து வால்வைத் தள்ளியதிலிருந்து உலகம் முழுக்க நடக்கும் சண்டை இது. ஆரம்பத்தில் வால்வ் பக்கம் நியாயமும் இருந்தது. கிளாஸ்-பி முறையில் ஒலி அலையின் மேற்பாதியை ஒரு ட்ரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும். ஒன்று விட்டு மற்றது ஏற்கும் இடத்தில் அலை கொஞ்சம் நெளியும். சத்தம் பெரிதாக இருக்கும்போது அந்த நெளிவு அமுங்கிப்போகும். மெல்லிய சத்தத்தில்தான் கரகரப்பாக வெளியே வரும். இரவில் வீடு அடங்கிய பிறகு வானொலியில் வீணை கேட்பவர்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார். கிளாஸ்-ஏயில் இந்தக் கைமாற்றமே கிடையாது, ஆனால் இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகவே போய்விடும். இரண்டு ட்ரான்சிஸ்டர்களிலும் எப்போதும் சிறிது கரண்டை ஓடவிடும் ஏபி முறை நன்றாகக் கைவந்ததும் கரகரப்பு நின்றது. பேச்சு நிற்கவில்லை.

காதை மட்டும் சாட்சிக்கு அழைக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. 1950இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் இருவரும் கேட்டல் சோதனைக்கு ஒரு முறையை எழுதி வைத்தார்கள். முதலில் ஏ என்ற ஒலி, பிறகு பி, பிறகு எக்ஸ். அந்த எக்ஸ் முன்னே கேட்ட இரண்டில் எது என்று மட்டும் சொல்ல வேண்டும். எது நல்லது, எது இனிமை என்ற கேள்வியே அங்கு இல்லை. அந்த ஒதுக்கல்தான் இந்த முறையின் பலம் என்று நினைக்கிறேன். வித்தியாசம் கேட்கிறதா என்பது தெரியாமல் எது நல்லது என்று பேசி என்ன பயன்?

அதை வீட்டு அம்பிளிபயருக்குக் கொண்டுவந்தவர்கள் 1977இல் டெட்ராய்ட் பக்கத்து ஒலி ஆர்வலர்கள். தங்கள் சங்கத்துக்கு உஃபரையும் ட்வீட்டரையும் சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். டேவிட் கிளார்க், ஆர்னி குரூகர் முதலானோர் கூடிச் செய்த அந்தப் பெட்டியில் மூன்று பொத்தான்கள். முதலாவதை அழுத்தினால் ஒரு அம்பிளிபயர், இரண்டாவதில் மற்றது. மூன்றாவது எக்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ் எதுவென்று பெட்டியே குலுக்கி முடிவு செய்துகொள்ளும். கேட்பவருக்கும் தெரியாது, சோதனை நடத்துபவருக்கும் தெரியாது. ஆகவே அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால்தான் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று நம்பலாம். 1982இல் கிளார்க் இதை ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் விரிவாக எழுதினார்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் துணிச்சலானது. ஹண்டிங்டனில் குவாட் அம்பிளிபயர்களைச் செய்துவந்த பீட்டர் வாக்கர் தன் மூன்று தலைமுறைச் செட்டுகளையும் சோதனைக்குக் கொடுத்தார்: 1953இன் வால்வ் செட் குவாட்-2, 1967இன் ட்ரான்சிஸ்டர் செட் 303, 1975இன் 405. ஜேம்ஸ் மோயர் என்ற பொறியியலாளர் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 1978இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வந்தது. எது ஓடுகிறது என்று பார்க்க முடியாமல் கேட்டவர்களின் விடைகள் வெறும் ஊகத்தைத் தாண்டவில்லை. புதிய மாடல் விற்கும் ஒருவர், தன் பழைய மாடலிலிருந்து அதைப் பிரித்தறிய முடியவில்லை என்ற முடிவை ஊரறிய விட்டது எனக்குப் பெரிய விஷயம்.

இதே சோதனையைத் திருகோணமலையிலும் செய்யலாம், மல்டிமீட்டரும் இரண்டு செட்டையும் மாற்றிக் கேட்க ஒரு சுவிட்சும் ஒரு ரெசிஸ்டரும் போதும். முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது. கூடுதல் சத்தமாக ஓடுவது பெரும்பாலும் நல்லதாகவே கேட்கும். அந்தக் கூடுதல் சிறிதாக இருந்தாலும் ஏமாற்றும், ஏனென்றால் அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு என்று எண்ணிவிடுவோம். கைபேசியில் 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். ஒன்றில் 2.00 காட்டினால் மற்றது 2.02ஐத் தாண்டக் கூடாது, அதுதான் 0.1 டெசிபல். மாற்றும் சுவிட்சில் கவனம் தேவை. பல கிளாஸ்-டி போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் கிடையாது. அதை மற்றச் செட்டின் மைனஸோடு சேர்த்தால் போர்டு போய்விடும், ஆகவே இரண்டு வயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வால்வ் செட்டைச் சும்மா விடக் கூடாது. ஸ்பீக்கர் கழன்றிருக்கும் நேரத்தில் 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று அதற்குப் பாரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. உட்துறைமுகத்திலிருந்து வரும் உப்புக் காற்று வால்யூம் கன்ட்ரோலையும் ரிலே முனைகளையும் அரித்துவிடும். பழைய செட்டின் சத்தம் மங்கல் என்று சொல்லுமுன் அவற்றைத் துடைத்துவிட்டுக் கேட்பது நியாயம்.

பழுதில்லாத செட்டுகளிலும் சில வித்தியாசங்கள் கேட்கத்தான் செய்யும். வால்வ் செட்டின் அவுட்புட் தடை கூடுதல் என்பதால் ஸ்பீக்கர் தடையின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அதன் ஒலியும் சற்று மாறும். பலர் இனிமை என்று சொல்வது அதுவாக இருக்கலாம். எல்லோருக்கும் கேட்பது இன்னொன்று: நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகையில் பவர் போதாமல் அலையின் தலை வெட்டுப்படுவது. அது செட்டுக்குக் கொடுக்கும் வோல்ட்டைப் பொறுத்தது. இலங்கையில் 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களில் கார் பேட்டரியில் பாட்டுக் கேட்கக் கட்டுப்படியானது கிளாஸ்-டிதான். எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும். ஆனால் 12 வோல்ட்டில் தலை சீக்கிரம் வெட்டுப்படும். அதே போர்டு 24 வோல்ட் தாங்குமென்றால் பவர் சப்ளையை மாற்றினால் போதும், கிட்டத்தட்ட நான்கு மடங்கு பவர் கிடைக்கும்.