மாதிரி விமானம்: மோதலுக்குப் பின் சோதனையும் சீரமைப்பும்

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் விழுந்தால் முதலில் லித்தியம் பாலிமர் பேட்டரியைக் கழற்ற வேண்டும். நசுங்கியதையோ உப்பியதையோ மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, நேரம் கழித்தும் தீப்பிடிக்கும்.

பிறகு மோட்டார் தண்டைக் கையால் சுழற்றி வளைவு பார்ப்பர். சர்வோவை மெல்ல அசைத்தால், பல் உடைந்த இடத்தில் தடுக்கும். முறிந்த பால்சா மரச்சட்டத்தை எபாக்சியால் ஒட்டலாம். விரிசல் விட்ட புரொப்பெல்லரை ஒட்டுவது ஆபத்து. புதிதே போட வேண்டும்.

பலர் மறப்பது எடைச்சமநிலை. வால்பகுதியில் பூசிய பசையின் எடைகூட ஈர்ப்பு மையத்தைப் பின்தள்ளி, விமானத்தை அடங்காமல் ஆடவைக்கும். அதைச் சரிபார்த்து, ரேடியோ எட்டும் தொலைவையும் சோதித்த பிறகே பறக்கவிட வேண்டும்.