சவுக்குக் கட்டையிலிருந்து துணிச் சுவர் வரை

பொருட்காட்சிக்குப் போகிறவர்கள் பொருளைத்தான் பார்ப்பார்கள். அதன் பின்னால் நிற்கும் சுவரை யாரும் பார்ப்பதில்லை. அது நியாயம்தான். கல்யாண வீட்டில் பந்தக்காலை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் பம்ப்செட் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்து, ஊர் ஊராக ஸ்டால் போட்டவன் நான். எனக்கு இன்றைக்கும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். எதனால் செய்திருக்கிறார்கள், எப்படி நிற்கிறது, கழற்ற எவ்வளவு நேரமாகும் என்றுதான் மனம் கணக்குப் போடும். அந்தச் சுவருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை இந்த வாரம் எழுதலாம் என்று தோன்றியது.

கழற்றி மாட்டும் கண்காட்சிக் கட்டடம் என்றால் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1851 மே 1-ஆம் தேதி ஹைட் பார்க்கில் பெரிய உலகக் கண்காட்சி திறந்தார்கள். நம் நாட்டிலிருந்து போன கோஹினூர் வைரத்தையும் அங்கே வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடி மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், படித்துப் பட்டம் வாங்கிய கட்டடக் கலைஞர் அல்ல. ஒரு பிரபுவின் தோட்டத்தில் செடி வளர்ப்பதற்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகிய தோட்டக்காரர்.

அவர் செய்த தந்திரம் எளிமையானது. கட்டடம் முழுவதற்கும் 24 அடி என்று ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டார். நீளம் 1,848 அடி, அதாவது 77 கட்டம். அகலம் 408 அடி, அதாவது 17 கட்டம். ஒரு கண்ணாடியின் அளவு 49 அங்குலம் நீளம், 10 அங்குலம் அகலம். அப்படி ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடிகள். தூணும் உத்தரமும் பட்டறையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வந்து இறங்கின. வந்ததை வந்தபடி பூட்டினார்கள். தூண்கள் உள்ளே குழாயாக இருந்ததால் மழைத் தண்ணீர் அதன் வழியாகவே கீழே இறங்கியது. சுமார் ஒன்பது மாதத்தில் வேலை முடிந்தது. கண்காட்சி முடிந்ததும் அப்படியே கழற்றி லண்டனின் தெற்கே சிடன்ஹாமுக்குக் கொண்டுபோய், இன்னும் பெரிதாக்கிக் கட்டி, 1854-ல் மறுபடி திறந்தார்கள். 1936-ல் அது தீயில் அழிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். கழற்றி மாட்டும் வித்தையை நமக்கு வெள்ளைக்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சவுக்குக் கட்டை, மூங்கில், தென்னங்கீற்று, கயிறு இவ்வளவுதான் சாமான். ராத்திரியோடு ராத்திரியாகப் பந்தல் எழும்பிவிடும். விசேஷம் முடிந்தால் அடுத்த நாளே அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு கட்டையும் வீணாகாது. அடுத்த ஊர் திருவிழாவுக்கு அதுவே போகும். லேசு, மலிவு, நிழலும் குளுமை. குறை ஒன்றே ஒன்றுதான். தீப்பொறி பட்டால் போதும்.

சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று பெரிய பூங்கா இருந்தது. பிற்பாடு மூர் மார்க்கெட்டும் ரிப்பன் கட்டடமும் எழுந்தது அந்த நிலத்தில்தான். அந்தப் பூங்காவில் வருஷக் கடைசியில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று, அந்தக் கண்காட்சிப் பந்தலில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். புத்தாண்டு பார்க்க வந்த ஜனம். இதைப் படித்த பிறகு, கண்காட்சிச் சுவரை வெறும் அலங்கார விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த திருப்பம் காபூலில் நடந்தது. 1956-ல் ஆப்கானிஸ்தானில் ஒரு சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. சோவியத் யூனியனும் சீனாவும் பெரிய அரங்குகள் கட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்கா கடைசி நேரத்தில்தான் கலந்துகொள்ள முடிவு செய்தது. கட்டடம் கட்ட நேரமில்லை. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்பவரிடம் போனார்கள். அவர் 100 அடி விட்டமுள்ள ஒரு குவிமாடத்தை அலுமினியக் குழாய்களாகவும் நைலான் துணியாகவும் பிரித்து, ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்பினார். குழாய்களின் முனைகளுக்கு நிறம் அடித்திருந்தார்கள். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம் என்று சேர்த்தால் போதும். வரைபடம் படிக்கத் தெரியாத உள்ளூர் ஆட்களே 48 மணி நேரத்தில் அதை எழுப்பிவிட்டார்கள். ‘லேசாக இரு, தப்பாக மாட்ட முடியாதபடி இரு’ என்ற இரண்டு பாடமும் அதில் இருக்கிறது. இன்றைய ஸ்டால் சுவர் எல்லாமே இந்த இரண்டையும் பின்பற்றித்தான் வந்தவை.

1968-ல் சென்னை அண்ணா நகரில் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த டவர் பார்க் கோபுரம் அதற்காகக் கட்டியதுதான். 135 அடி உயரம். சுற்றிச் சுற்றி ஏறலாம். கண்காட்சி போய்விட்டது, கோபுரம் நிற்கிறது. அதேபோல 1972-ல் டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஏசியா 72’ நடந்தது. அதற்கென ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் எழுந்தது. இரும்பில் செய்ய வேண்டிய முக்கோணச் சட்டங்களை, இரும்பு கட்டுப்படியாகாது என்று கான்கிரீட்டில் வார்த்தார்கள். 2017-ல் அதை இடித்துவிட்டார்கள். பொறியாளர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். நானும்தான்.

பெரிய அரங்குகள் இப்படி இருந்தாலும், உள்ளே எங்களைப் போன்ற ஆட்களின் ஸ்டால் ஆசாரிமார் கையில்தான் இருந்தது. கோவையிலிருந்து லாரியில் பம்ப் ஒரு பக்கம், பிளைவுட் ஒரு பக்கம் போகும். எட்டடிக்கு நாலடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று இருபது கிலோவுக்குக் குறையாது. ரீப்பர் கட்டை அடித்து, பலகை அறைந்து, பெயிண்ட் அடித்து, பெயர் எழுதி முடிக்க மூன்று நாள் ஆகும். திறப்பு விழாவன்று காலை வரை சுத்தியல் சத்தம் ஓயாது. பெயிண்ட் காயாத சுவரில் சாய்ந்து சட்டையைப் பாழாக்கிக்கொண்ட மந்திரிகளும் உண்டு. கண்காட்சி முடிந்தால் ஆணி பிடுங்கிய பலகையில் பாதி விறகுக்குத்தான் ஆகும்.

இதை மாற்றியது எட்டு பள்ளம் உள்ள ஓர் அலுமினியக் கம்பம். 1960களின் கடைசியில் ஜெர்மனியில் ஹான்ஸ் புரூடர் என்பவர் ஆக்டாநார்ம் என்ற முறையைக் கொண்டுவந்தார். ‘ஆக்டா’ என்றால் எட்டு. நம் ஊர் ஸ்டால்காரர்கள் இன்றைக்கும் எந்தக் கம்பெனி கம்பமானாலும் ‘ஆக்டோநார்ம்’ என்றுதான் சொல்வார்கள், எந்த நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி. கம்பத்தின் கனம் 40 மில்லிமீட்டர். எட்டுப் பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம் ஓடும். குறுக்குச் சட்டத்தின் முனையில் ஒரு பூட்டு இருக்கும். அதைப் பள்ளத்தில் செருகி ஆலன் கீயால் ஒரு திருகு திருகினால் இறுகிக்கொள்ளும். நடுவில் மெல்லிய பலகையை இறக்கினால் சுவர் தயார். ஆணி கிடையாது, சுத்தியல் கிடையாது. எட்டுத் திசையிலும் சட்டம் பூட்டலாம் என்பதால் மூலை, குறுக்கு, சாய்வு எல்லாவற்றுக்கும் அதே கம்பம்.

மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் என்ற ஸ்டால் அளவு இப்படித்தான் நிலைத்தது. இதில் ஒரு சிக்கனமும் இருக்கிறது. மீட்டருக்கு ஒரு பலகை என்றால், பின்பக்கம் மூன்று, இரண்டு பக்கமும் மும்மூன்று, ஆக ஒரு ஸ்டாலுக்கு ஒன்பது பலகை. பத்து ஸ்டால் தனித்தனியாகப் போட்டால் தொண்ணூறு. வரிசையாகப் போட்டால் பக்கச் சுவர் அண்டை வீட்டுக்கும் பொது. பின்பக்கம் முப்பது, பக்கச் சுவர் பதினொன்றுக்கு முப்பத்து மூன்று, ஆக அறுபத்து மூன்றே போதும். பொதுச் சுவர் வைத்து வீடு கட்டிய நம் பழைய அக்ரகாரத் தெருக் கணக்குதான்.

நான் இதை முதன்முதலில் பார்த்தது எண்பதுகளின் பிற்பகுதியில், டெல்லியில். சாயங்காலம் வெறும் தரையாக இருந்த ஹால், காலையில் போனால் தெருத் தெருவாக நின்றது. பெரிய கம்பெனிக்கும் அதே சுவர், சின்னப் பட்டறைக்காரருக்கும் அதே சுவர், அதே பெயர்ப்பட்டி, அதே எழுத்து. முன்பெல்லாம் ஆசாரி கூலியும் லாரி வாடகையும் கொடுக்க முடியாமலேயே பல சின்ன முதலாளிகள் கண்காட்சிப் பக்கம் வரமாட்டார்கள். வாடகைக்கு ஸ்டால் எடுத்து, பையில் நோட்டீஸோடு பஸ் ஏறி வந்து உட்காரலாம் என்ற நிலை வந்தபோதுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள். நம் ஊர் கொடிசியா வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகளுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பின்தெருக் கடைசி ஸ்டாலில்தான் சில சமயம் நல்ல சரக்கு இருக்கும்.

ஆசாரிகளுக்கு இது நஷ்டம்தான், மறுக்க முடியாது. சிலர் கடைச்சல், அலமாரி வேலைக்குப் போனார்கள். சிலர் அதே ஆலன் கீயைக் கையில் எடுத்தார்கள். ‘மரத்துல நெளிவு சுளிவு இருக்குங்க சார், இதுல என்ன இருக்கு?’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் சுவர் இன்னும் லேசாகிக்கொண்டே போனது. 1970களில் அமெரிக்காவில் தியோடர் ஸீக்லர் என்பவர், குடை மாதிரி மடங்கி விரியும் குழாய்ச் சட்டகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டியிலிருந்து எடுத்து இழுத்தால் சுவராக நிற்கும். ‘பாப்-அப்’ என்று சொல்கிற ரகம் அதிலிருந்து வந்ததுதான். இப்போது வந்திருப்பது துணிச் சுவர். அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில் பள்ளம். படம் அச்சடித்த பாலியஸ்டர் துணியின் விளிம்பில் தைத்திருக்கும் சிலிக்கான் பட்டியை அதில் விரலால் அழுத்திச் செருகினால் தவில் தோல் போல இழுத்து நிற்கும். மூன்று மீட்டர் அகலத் துணி இரண்டு கிலோ கூட வராது. மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

போன மாதம் என் மருமகன் வந்தான். கணபதி பக்கம் வெட் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறான். ‘மாமா, வருஷத்துக்கு அஞ்சாறு கண்காட்சி போறேனுங்க. சொந்தமா ஒரு சுவர் வாங்கலாம்னு இருக்கேன். லேசா இருக்கணும், நானும் பையனுமே கட்டணும். எதை வாங்கட்டும்ங்க?’ என்றான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு கண்காட்சி என்றால் வாங்கவே வேண்டாம். அமைப்பாளர் தரும் ஸ்டாலில் துணியோ ஃபிளெக்ஸோ மாட்டினால் போதும். அடிக்கடி போகிறவர் வாங்கலாம். சுவரில் எதையாவது மாட்டுவதா, வெறும் படம் மட்டுமா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். துணிச் சுவர் படத்துக்குச் சரி, பாரத்துக்கு ஆகாது. பாரமான சாமான் இருந்தால் தரையில் தனி மேடை போட்டு வையுங்கள், சுவரைத் தொட விடாதீர்கள். மூன்றாவது, பொருத்தும் பூட்டும் மூலைத் துண்டும் தனியாக, உள்ளூரிலேயே கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைவது எப்போதும் சின்னத் துண்டுதான். நான்காவது, பெட்டியோடு சேர்த்து எடை பாருங்கள். கடைக்காரர் சட்டத்தின் எடையை மட்டும் சொல்வார். விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பொதுவாக 23 கிலோதான். ஐந்தாவது, தரை எங்கும் சமமாக இருக்காது. காலடியில் ஏற்றி இறக்கும் திருகு இருக்க வேண்டும். வாங்கும் முன் அவர்கள் கட்டிக் காட்ட வேண்டாம், நீங்களே கட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு எழுந்தவனை உட்கார வைத்து ஆறாவதைச் சொன்னேன். அதுதான் முக்கியம். லேசான சுவர் என்றால் பாதி நேரம் பிளாஸ்டிக், துணி, ஃபோம் பலகை. 2006 ஏப்ரல் 10 அன்று உத்தரப் பிரதேசம் மீரட்டில், வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சிக் கூடாரங்களில் தீப்பிடித்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். 1997-ல் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் கடை கடையாக எரிந்து லட்சம் புத்தகம் சாம்பலானது. ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரியில் கல்யாண மண்டபப் பந்தல் எரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. ஓலை போய் நைலான் வந்துவிட்டதால் ஆபத்து போய்விடவில்லை. தற்காலிகப் பந்தல்களுக்கான தீத்தடுப்பு விதிமுறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 8758 என்ற எண்ணில் வெளியிட்டிருக்கிறது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது, வாங்குகிறவன் கேட்க வேண்டும்.

‘இந்தத் துணி தீயைத் தாங்குமா, அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா?’ என்று எழுத்தில் கேள். தராதவரிடம் வாங்காதே. சூடேறும் பழைய ஹாலஜன் விளக்கைத் துணியருகில் வைக்காதே, எல்.இ.டி. போடு. காலிப் பெட்டியையும் தெர்மகோலையும் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைக்காதே. ஒயரும் அங்கேதான் ஓடும். இதைத்தான் சொன்னேன்.

மருமகன் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். முதலில் பார்த்து வைத்திருந்த துணிச் சுவருக்குச் சான்றிதழ் தர முடியாது என்று விற்பவர் சொல்லிவிட்டாராம். வேறு இடத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறானாம். ‘கொஞ்சம் அதிகம்தானுங்க மாமா’ என்றான். இருக்கட்டும் என்றேன்.

அடுத்த தடவை பேரப் பிள்ளைகளோடு பொருட்காட்சிக்குப் போகும்போது, உள்ளே நுழைந்ததும் வெளியே போகும் வழி எங்கே என்று ஒரு பார்வை பார்த்து வையுங்கள். பிறகு மிளகாய் பஜ்ஜிக் கடையைத் தேடலாம்.