மாந்தைத் துறையும் வெப்பக் குளியலும்

மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும் ஈழத்தின் வறண்ட பகுதிகளுள் அடங்குவன. மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலத்திலேயே பெய்துவிடுகின்றது. ஏனைய மாதங்களில் வெயிலும் காற்றுமே ஆட்சி செலுத்துவன. இத்தகைய நிலத்தில் வெப்பக் குளியலைப் பற்றிப் பேசுவது கடற்கரையில் உப்பு விற்பது போலத் தோன்றலாம். ஆயின், வியர்வையை மருந்தாகக் கொண்ட மரபின் தடங்களைத் தேடுவோர்க்கு மாந்தைத் துறையிலிருந்து அநுராதபுரம் செல்லும் பழம்பாதை புறக்கணிக்கத்தக்கதன்று.

திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாந்தை, பாளி நூல்களில் மகாதித்த எனவும் தேவாரத்தில் மாதோட்டம் எனவும் வழங்கும் துறைமுகமாகும். ஜோன் காஸ்வெல் தலைமையில் 1980 முதல் 1984 வரை நடைபெற்ற அகழ்வாய்வு போர்ச் சூழலால் இடைநின்றது. பின்னர் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அகழப்பட்ட மண்ணிலிருந்து மிளகும், கி.பி. 900 இற்கும் 1100 இற்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த ஒற்றைக் கிராம்பும் கண்டெடுக்கப்பட்டமை 2018 இல் வெளியிடப்பட்டது. கிராம்பு மொலுக்காத் தீவுகளுக்குரியது. மேற்காசிய நீலப்பச்சை மெருகுக் கலங்களின் உடைவுகள் மாந்தையிலும் அநுராதபுரத்திலும் ஒருங்கே கிடைத்துள்ளன. அருவி ஆறு எனத் தமிழரும் மல்வத்து ஓயா எனச் சிங்களவரும் வழங்கும் ஆற்றினை ஒட்டியே இப்பண்டங்கள் உள்நாட்டிற்குச் சென்றிருத்தல் வேண்டும். அவற்றுட் சில, விகாரை மருத்துவசாலைகளின் அம்மிகளைச் சென்றடைந்திருக்கும் என ஊகிப்பது மிகையாகாது.

அப்பாதையின் மறுகோடியிலேதான் வெப்பக் குளியல் கட்டடமாக உருப்பெற்றுக் காணப்படுகின்றது. பௌத்த வினய நூல் அதனை ‘ஜந்தாகரம்’ என்கின்றது. வைசாலியில் உயர்ந்த உணவை உண்டு உடல் பருத்து நோயுற்ற பிக்குகளைக் கண்ட வைத்தியர் ஜீவகர், உலாவும் நடைபாதையையும் ஜந்தாகரத்தையும் அனுமதிக்குமாறு புத்தரை வேண்டினார் என்பது அந்நூல் தரும் செய்தி. சிறிய அறையாயின் அடுப்பு ஒரு பக்கத்திலும், பெரிய அறையாயின் நடுவிலும் அமைதல் வேண்டும். புகை போக வழி வேண்டும். முகம் வெந்துபோகாதவாறு களிமண் பூசிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விதிகள் விரிகின்றன. துறவிகளுக்கான ஒழுக்க நூல் அடுப்பின் இடத்தைப் பற்றி இத்துணை கவலை கொள்வது சுவையானதே. குருநாகல் மாவட்டத்து அரங்கலையிலும் ஏனைய விகாரைகளிலும் இத்தகைய மனைகளின் அடித்தளங்கள் இன்றும் உள. மிகிந்தலை, மெதிரிகிரிய, பொலன்னறுவை மருத்துவசாலைகளில் மனித உடல் அடங்குமாறு குடைந்த கற்றொட்டிகள் உள. நோயாளியை மருந்து நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவதற்கானவை அவை.

சரக சங்கிதையின் சூத்திரத்தானம் பதினான்காம் அத்தியாயம் வியர்ப்பிக்கும் முறைகள் பதின்மூன்றினைக் கூறுகின்றது. தொட்டியில் அமிழ்தல் அவற்றுள் ஒன்று. காய்ச்சிய கற்பலகையிற் படுத்தல் மற்றொன்று. வட்ட அறையின் நடுவே அடுப்பமைத்து வெப்பத்தில் இருத்தல் ‘ஜெந்தாகம்’ எனப்படும். இப்பெயருக்கும் ஜந்தாகரத்திற்கும் உள்ள ஒலியுறவு வெளிப்படை. கொதிநீர்ப் பானையைப் புதைத்து அதன்மேற் கட்டிலிடுவது கும்பீ முறை.

இங்கே தமிழ் மாணவர் ஒரு வினாவை எதிர்நோக்க வேண்டியுள்ளது. சித்த மருத்துவம் கூறும் புறமருத்துவம் முப்பத்திரண்டனுள் வேதும் ஒற்றடமும் இடம்பெறுவன. நொச்சியும் ஆடாதோடையும் அவித்த பானைக்கு மேற் குனிந்து, போர்வையால் மூடி வேது பிடிக்காத தமிழ் இல்லம் அரிது. பிள்ளை பெற்ற தாய்க்கு இலை அவித்த வெந்நீர் வார்ப்பதும் அவ்வாறே. இதனைத் தமிழர்க்கே உரியதென்று தனித்துக் கோருவதோ, பௌத்தரிடமிருந்து பெற்ற கடன் என்று ஒதுக்குவதோ சான்றுகட்கு முன் நில்லா. கட்டடம் விகாரைக்குரியதாயிற்று, பானை அடுக்களைக்குரியதாயிற்று. கல் எஞ்சி நிற்க, பானை உடைந்து போகின்றது. ஆதலாற் கல்லை மட்டுமே நோக்கும் வரலாறு பெண்களின் மருத்துவத்தைக் காணாமலே போய்விடுகின்றது.

இனி, இக்குளியலாற் பயன் உண்டோ என்பது. பின்லாந்தின் குவோப்பியோப் பகுதியில் நடுவயது ஆடவர் 2315 பேரை ஏறத்தாழ இருபதாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2015 இல் வெளிவந்தது. ‘சவுனா’ எனும் வெப்ப அறைக்கு வாரம் ஒருமுறை செல்வோரினும், நான்கு முதல் ஏழு முறை செல்வோரிடையே திடீர் இதயச் சாவு 63 வீதம் குறைந்திருந்தது. இஃது உற்றுநோக்கல் ஆய்வே. நலமுள்ளோரே அடிக்கடி செல்கின்றனர் எனும் ஐயம் முற்றும் அகலவில்லை. எனினும், சுமார் 80 பாகை வெப்பத்திற் குருதிக் குழாய்கள் விரிவதும், இதயம் விரைந்து நடப்பவனுடையது போலத் துடிப்பதும், பின்னர்க் குருதியமுக்கம் தணிவதும் அறியப்பட்டவை. வியர்வை நஞ்சை வெளியேற்றும் என்ற பழங்கருத்துக்கோ இடமில்லை; அது பெரும்பாலும் நீரும் உப்புமே. நஞ்சகற்றுவது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரிய தொழில்.

அங்ஙனமாயின், மன்னார் உப்பளத்தில் நாள் முழுதும் வியர்ப்பவன் பின்லாந்தியனினும் நலமுடையவனாதல் வேண்டுமன்றோ? அவ்வாறில்லை. பின்லாந்தியன் கால்மணி நேரம் வியர்த்து, வெளியே வந்து குளிர்ந்து, நீரருந்தி ஓய்கின்றான். உப்பளத்தானுக்கு வெளியேறும் கதவு இல்லை. முன்னர்க் கூறிய பாதையின் மறுகோடியிலே, ஜந்தாகரங்கள் நின்ற அநுராதபுர மாவட்டத்திலேயே, 1990 களிலிருந்து காரணம் தெளியாத சிறுநீரக நோய் உழவரிடையே பெருகியுள்ளது. அதற்குக் கூறப்படும் கருதுகோள்களுள் நீரின் தன்மை, வேளாண் இரசாயனங்கள் என்பவற்றோடு, வெயிலில் நீரின்றி உழைத்தலும் ஒன்றாகும். எதுவும் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

சரகர் வியர்ப்பிக்கத் தகாதோரின் நீண்ட பட்டியல் ஒன்றையும் தருகின்றார். கருவுற்றவரும் குடியால் நலிந்தவரும் அதிலுளர். களைத்தவர், தாகமுற்றவர், பசித்தவர் என்போரும் அதே பட்டியலில் நிற்கின்றனர்.