நல்லமிளகும் கோழிச்சாறும்

மிளகில் நல்லது என்றும் தீயது என்றும் இரு வகை உண்டோ? சென்னையிலோ மதுரையிலோ பிறந்து வளர்ந்த அன்பர்கள் இவ்வாறு வினவக்கூடும். ஆனால், களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்து எழுந்திருப்பார். அவருக்குக் கோழிச்சாறு வைக்க அடுப்பு மூட்டும் தாய், “மக்களே, கடையில போயி நல்லமிளகு வாங்கீட்டு வா” என்று பிள்ளையை அனுப்புவாள். கடைக்காரரும் தயங்காமல் கரிய மிளகை நிறுத்துக் கொடுப்பார். அந்த ‘நல்ல’ என்னும் அடைமொழிக்குள் நானூறு, ஐந்நூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அவற்றை ஒட்டிய நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றுவிட்டது. அதன் தென்பகுதியும் தமிழகத்தோடு இணையவேண்டும் என்பது நேசமணி முதலியோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பின்னர் ஆணையம் அமர்ந்தது, அறிக்கை வந்தது, கோடு விழுந்தது. அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை புகுந்த வீடு மறு மாநிலத்திலுமாகப் பல குடும்பங்கள் ஆயின. கோட்டுக்கு மேற்கே நின்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாள எழுத்தைக் கற்றனர். எனினும் அடுப்படியில் புழங்கிய சொற்களைப் பெரும்பாலும் எந்த ஆணையமும் தொடவில்லை. ஊர்ப் பெயர்களிலேயே ஒரு சமையலறை மணக்கிறது. எல்லையில் உள்ள ஊர் இஞ்சிவிளை. தாலுக்காவின் வழியே ஓடுவது நெய்யாறு. விளை என்றால் அப்பக்கத்தில் தோட்டநிலம் என்பது பொருள்.

இனிச் சாற்றுக்கு வருவோம். முட்டையிடத் தொடங்காத விடைக்கோழியே பிணியுற்றவருக்கு ஏற்றது என்பது கிராமத்து முடிபு. இறகு பறித்து, மஞ்சள் பூசி, காய்ந்த தென்னோலை நெருப்பில் தோலை வாட்டி எடுப்பார்கள். அந்தப் புகைவாசனையே சாற்றுக்கு முதல் மணம். பிறகு துண்டம் செய்து, எலும்புகளை மட்டும் அம்மிக்குழவியால் மெல்ல நசுக்குவார்கள். மண்சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கோழியையும் மஞ்சளையும் இட்டு, சிறு தீயில் வைக்கவேண்டும். தண்ணீர் கொதித்துப் பொங்குவது ஆகாது. சட்டியின் ஓரத்தில் மட்டும் குமிழ் எழுந்து அடங்கவேண்டும். நெடுநேரம் இளஞ்சூட்டில் கிடந்தால்தான் எலும்பிலும் தோலிலும் உள்ள பசைச் சத்து நீரில் இறங்கும். கடுந்தீயில் கொழுப்பு நீரோடு கலங்கி, சாறு கலங்கலாகிவிடும். மேலே ஒதுங்கும் நுரையைச் சிரட்டை அகப்பையால் எடுத்துக் கொட்டிவிடுவார்கள்.

இதற்கிடையே அம்மியில் வேலை நடக்கும். நல்லமிளகு, சீரகம், சிறிது மல்லி, ஒரு துண்டு இஞ்சி, நாலைந்து உள்ளி, இரண்டு பல் வெள்ளைப்பூடு. இவற்றை மையாக அரைப்பதில்லை. ஒன்றிரண்டாகச் சதைத்துச் சட்டியில் இடுவார்கள். கறிவேப்பிலையும் உப்பும் பின்னால் சேரும். ஊற்றிய நீர் பாதியாகச் சுண்டும்வரை காத்திருக்கவேண்டும். கஷாயம் காய்ச்சும் வைத்தியரும் நீர் இத்தனையில் ஒரு பங்காகக் குறுகவேண்டும் என்றே கணக்குச் சொல்வார். அடுப்படியும் மருந்தறையும் இங்கே அண்டை வீடுகள். நலமாக இருப்பவருக்குத் தேங்காய் எண்ணெயில் உள்ளி தாளித்துக் கொட்டுவார்கள். நோயாளிக்குத் தாளிப்பு இல்லை. சிவப்பரிசிக் கஞ்சியின் தெளிவோடு சாற்றைக் கலந்து, சூடு ஆறுமுன் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும், ஆடி மாத மழையில் நனைந்து நடுங்கி வந்தவருக்கும் இதுவே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் காணும் நிலம் அது; ஆகையால் நனைந்து வருபவருக்குக் குறைவில்லை.

இக்கூட்டில் எது இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மிளகாய் இல்லை. தக்காளியும் இல்லை. இவை இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது மலபார்க் கரையில் மிளகாய்ச் செடி ஒன்றும் இருந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அது வந்தது. புதியவனுக்குப் பெயர் வைக்கப் பழையவனின் பெயரையே தமிழர் கடன் கொடுத்தனர்: மிளகைப் போல் உறைக்கும் காய், மிளகாய். மலையாள நாட்டில் நிகழ்ந்தது இன்னும் வேடிக்கை. அங்கே வந்தவன் ‘முளகு’ என்ற பெயரையே தனதாக்கிக்கொண்டான். வீட்டுக்குரியவனாகிய மிளகு, தன்னைப் பிரித்துக்காட்ட ‘நல்லமுளகு’ என்றும் ‘குருமுளகு’ என்றும் அடைமொழி தேடவேண்டியதாயிற்று. எல்லையூர்த் தமிழர் வாயில் அதுவே நல்லமிளகு. அன்றாடக் குழம்பிலும் மீன்கறியிலும் வற்றல் மிளகாய் ஆட்சி செலுத்துகிறது. நோயாளியின் கிண்ணத்திற்குள் மட்டும் அது நுழையவில்லை. நோய்க்கால உணவைப் பொறுத்தவரையில் மனிதர் புதுமையை நாடுவதில்லை என்பது என் கருத்து. அதனால்தான் மிளகாய்க்கு முற்பட்ட தமிழ்ச் சமையலின் சாயல் விருந்து இலையில் மறைந்துபோய், நோயாளியின் பாயருகே எஞ்சியிருக்கிறது.

மிளகு இட்ட நீருக்கு வெளிநாட்டுப் புகழும் உண்டு. ‘மிளகுத்தண்ணீர்’ என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் ‘முல்லிகாட்டானி’ ஆக்கித் தம் அகராதியில் ஏற்றிக்கொண்டனர். அச்சொல் ஆங்கில எழுத்தில் தோன்றும் பழைய இடங்களுள் ஒன்று, 1784ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரு பாட்டு. பாடியவர், ஐதர் அலியிடம் பிடிபட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த கப்பற்படைக்காரர். மிளகுத்தண்ணீரும் கஞ்சியுமே தம் உணவு என்று அவர் நொந்து பாடினார். நம் ஊர் நோயாளிக்கு அளிக்கும் பரிவான உணவு அவருக்குச் சிறைத்தண்டனையாகத் தோன்றிற்று! பிற்காலத்துத் துரைமார்கள் அதிலேயே கோழியையும் ஆட்டிறைச்சியையும் சேர்த்து விருந்து மேசையில் வைத்தது தனிக்கதை.

கோழிச்சாற்றை மருந்தாகக் கொண்டவர் நாம் மட்டும் அல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் மைமோனிடிஸ், நோயால் மெலிந்தோர்க்குக் கோழிச்சாறு நன்று என்று தம் மருத்துவ நூலில் எழுதினார். அவருடைய தம்பி தாவீது இந்தியாவோடு வணிகம் செய்யப் புறப்பட்டு, இந்தியக் கடலில் கப்பல் மூழ்கி இறந்தார். அக்காலத்தில் எகிப்து வணிகர் நம் மேற்குக் கரையில் நாடிய சரக்குகளுள் முதன்மையானது மிளகு. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட யவனர் கலங்களை அகநானூறு அறிந்திருந்தது. அந்தப் பழைய வழியின் தொடர்ச்சியே இது. தம்பியின் மறைவுக்குப் பிறகே மைமோனிடிஸ் குடும்பத்தைத் தாங்க மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டார்.

இக்கால அறிவியலாரும் கிண்ணத்தை முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். 1978இல் அமெரிக்காவின் மயாமி கடற்கரை நகரில் நடந்த ஓர் ஆய்வில், சூடான கோழிச்சாறு மூக்கின் சளியை இளகி ஓடச் செய்வது தெரிந்தது. பயன் சிறிது நேரமே நின்றது. 2000ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து மருத்துவர் ரென்னார்டு, தம் மனைவியின் லிதுவேனியப் பாட்டி வகுத்த முறைப்படி சாறு காய்ச்சி, சோதனைக் குழாயில் அது வெள்ளணுக்களின் நடமாட்டத்தைக் குறைப்பதைக் கண்டார். குழாயில் கண்டது உடலிலும் நடக்கும் என்று அவர் சாதிக்கவில்லை. நாமும் சாதிக்கவேண்டாம். நீரும் உப்பும் சூடும் களைத்த உடலுக்கு இதம் என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

மாநில எல்லை சாற்றைத் தடுக்கவில்லை என்றேன். கோழியை அது தடுத்ததுண்டு. கேரளத்தார் உண்ணும் பண்ணைக்கோழியில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து லாரிகளில் செல்வது. ஒரு காலத்தில் கேரள அரசு கோழிக்கு நூற்றுக்குப் பதினான்கரை வரி விதித்திருந்தது. ஆகவே நெய்யாற்றின்கரையை அடுத்த அமரவிளைச் சோதனைச்சாவடியைச் சுற்றிக்கொண்டு, ஊடுவழிகளில் கோழி கடத்துவது ஒரு தொழிலாகவே இருந்தது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்து, உயிர்க்கோழிக்கு வரி நீங்கிற்று. கிலோ 87 ரூபாய்க்கு மேல் விற்கலாகாது என்றார் அப்போதைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக், வணிகர் கடையடைத்தனர். பறவைக்காய்ச்சல் தலைகாட்டும் ஆண்டுகளில் எல்லையில் மீண்டும் கோழி வண்டிகள் மறிக்கப்படுகின்றன. ஆறு வாரத்தில் கொழுத்துவிடும் அப்பண்ணைக்கோழி குழம்புக்கு உதவும். சாற்றுக்கு அதன் எலும்பில் ஆழம் போதாது என்பது அவ்வூர்ப் பெண்களின் தீர்ப்பு. நானும் அதற்கு உடன்படுவேன்.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் அன்பர்கள் இச்சாற்றை வைக்க விரும்பினால், முற்றிய நாட்டுக்கோழி கிடைத்தாலும் போதும். அடுப்பில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். மிளகு வாங்கும்போது கடையில் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். தில்லிக் கடைக்காரர் வெறும் ‘மிர்ச்’ என்றால் மிளகாயை எடுப்பார். மிளகு வேண்டுமென்றால் ‘காலி மிர்ச்’, அதாவது கரிய மிர்ச் என்று கேட்கவேண்டும். ‘மரிசம்’ என்னும் வடமொழிப் பெயர் அங்கேயும் வந்தவனுக்குப் போய்விட்டது. பம்பாயில் மிளகு ‘மிரி’, மிளகாய் ‘மிர்ச்சி’. பெங்களூரில் ‘மெணசு’, ‘மெணசினகாயி’ என்று நம்மைப் போலவே காய் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். கல்கத்தாவில் மட்டும் மிளகு ‘கோல் மரிச்’ என்று பழம்பெயரைத் தாங்கி நிற்க, மிளகாய்க்கு ‘லங்கா’ என்று வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள்.