வண்டியா? வைத்தியமா?



ஆபத்திலே இருக்கிற உயிரைக் காப்பது வண்டியின் வேகமா, வண்டிக்குள்ளே நடக்கிற வைத்தியமா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஹெலிகாப்டரிலே ஏறினவர்தான், கடைசி வரைக்கும் கீழே இறங்கவே இல்லை! (சிரிப்பு)

கொரிய யுத்தத்தைச் சொன்னார். 1950 முதல் 1953 வரை. மலையும் பள்ளமுமான பூமி. அங்கே பெல் 47 என்கிற சின்ன ஹெலிகாப்டர் செய்தது பெரிய காரியம்தான், நான் மறுக்கலை. ஆனால் அதிலே நோயாளி எங்கே படுத்திருந்தான் என்று நண்பர் சொன்னாரா? வெளியிலே ஐயா, வெளியிலே! இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சரைக் கட்டி, அதிலே படுக்க வைத்துப் பறந்தார்கள். நடு ஆகாயத்திலே மூச்சு அடைத்தால் பக்கத்திலே ஆள் கிடையாது. அடுத்து வியட்நாம் யுத்தத்திலே 'ஹூயி' வந்தது. நோயாளி உள்ளே வந்தார். கூடவே மருத்துவ உதவியாளரும் ஏறினார். வேகம் மட்டும் போதுமென்றால் அவரை எதற்கு ஏற்றினார்கள்?

தரைக்கு வருவோம். அந்தக் காலத்து அமெரிக்காவில் பல ஊர்களிலே சவ அடக்கம் செய்கிறவர்களின் வண்டிதான் ஆம்புலன்ஸ். பிழைத்தாலும் அதே வண்டி, பிழைக்காவிட்டாலும் அதே வண்டி! (சிரிப்பு) பிட்ஸ்பர்க் நகரிலே போலீஸ் வேன். 1966 நவம்பர் 4. பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்தார். மேடையிலே நிற்கிற எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. போலீஸ் வேனிலே கொண்டுபோனார்கள். இதயம் திரும்பத் துடித்தது, நினைவு திரும்பவில்லை. 17 நாளிலே போய்விட்டார். ஆளுநராக இருந்தவருக்கே அந்த வண்டிதான்.

அவருக்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் பீட்டர் சஃபார். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுகிற முதலுதவியை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர். அதே வருஷம் தன் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்த தகப்பன். வேகமான வண்டி வாங்குங்கள் என்றா கேட்டார்? ஆட்களைக் கொடுங்கள், நான் பயிற்சி தருகிறேன் என்றார். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்கிற கறுப்பின மக்களின் பேட்டையிலிருந்து வந்தார்கள். வேலையில்லாத இளைஞர்கள், வியட்நாமிலிருந்து திரும்பினவர்கள், பள்ளிக்கூடத்தையே முடிக்காதவர்கள். சுமார் 300 மணி நேரப் பயிற்சி. 'ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ்' 1967இலே உருவானது. நேற்று வரை திண்ணையிலே சும்மா உட்கார்ந்திருந்த பையன், தெருவிலே மண்டியிட்டு நின்றுபோன மூச்சை மீட்டுக் கொடுத்தான்!

1975இலே நகராட்சியே சேவையை எடுத்துக்கொண்டது. ஃப்ரீடம் ஹவுஸை மூடினார்கள். அனுபவசாலிகளைப் புதியவர்களுக்குக் கீழே வேலை பார்க்க வைத்தார்கள். பலபேர் மனம் வெறுத்துப் போனார்கள். ஆனால் அங்கே மருத்துவ இயக்குநராக இருந்த டாக்டர் நான்சி கரோலின், அந்தப் பையன்களோடு தெருவிலே நின்ற அனுபவத்தை வைத்து எழுதிய பாடம்தான் பிறகு அமெரிக்கா முழுக்கப் போனது. வண்டிகள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

நம்ம தமிழ்நாட்டிலே 108 வந்தது 2008இலே. முன்னாலே டிரைவர், பின்னாலே பயிற்சி பெற்ற ஒருவர். வலியோடு ஏறின எத்தனையோ தாய்மாருக்கு வழியிலேயே பிள்ளை பிறந்திருக்கிறது. எதிரணி நண்பரே, அந்தப் பிள்ளையைக் கையிலே ஏந்தியது வண்டியின் டயரா? (கைதட்டல்)