சுவர் ஏற்கும் நிறம்

கோவைக்கு வடக்கே சத்தி சாலையை ஒட்டியுள்ள கணபதியில் பழைய ஓட்டு வீடுகள் அருகி வருகின்றன. பட்டறைகளுக்கும் அடுக்ககங்களுக்கும் நடுவே ஒதுங்கி நிற்கும் ஒன்றிரண்டை, இடிக்க மனம் வராத பேரப்பிள்ளைகள் புதுப்பிக்க முனைகிறார்கள். முனைந்த மறுகணமே எழும் கேள்வி, வெளிச்சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பது. பெயிண்ட் கடையில் தரும் நிற அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு குடும்பமே ஒரு வாரம் வாதிடுகிறது. விடை அந்த அட்டையில்தான் இருக்கிறதென்று எவருக்கும் ஐயமில்லை. நமக்கு அதில் ஐயம் உண்டு. ஒரு பழைய சுவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்பதைக் கண்ணுக்கு முன்னால் சுவரே முடிவு செய்துவிடுகிறது. அது எப்படி என்பதைச் சொல்ல இந்த வட்டாரத்துச் சுவர்களின் வரலாற்றுக்குள் சிறிது போயாக வேண்டும்.

நாம் பேசும் வீடு பெரும்பாலும் மில் காலத்து வீடு. கோவையின் முதல் நூற்பாலை 1888இல் ஸ்டேன்ஸ் முயற்சியால் எழுந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் டெக்ஸ்டூல் போன்ற நிறுவனங்கள் கணபதியிலேயே வேரூன்றின. பருத்தியிலும் இரும்பிலும் ஈட்டிய பணம் வீடாயிற்று. முன்புறம் தூண் நிறுத்திய தாழ்வாரம், உள்ளே ஆசாரம், ஒன்றரை அடிக்குக் குறையாத சுவர், சரிந்திறங்கும் மங்களூர் ஓடு, முகப்பு முக்கோணத்தில் மரவேலை. அந்த ஓடும் தொலைவிலிருந்து வந்ததுதான். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரையெங்கும் பரவியது. சென்னையிலிருந்து போத்தனூர் வழியாகப் பேப்பூருக்கு 1862இலேயே இருப்புப்பாதை போடப்பட்டிருந்ததால், மலையாளக் கரையின் ஓடு பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொங்கு நாட்டுக் கூரைகளில் ஏறுவது எளிதாயிற்று.

இதே காலகட்டத்தில் அமெரிக்காவில் இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். குஸ்டாவ் ஸ்டிக்லி 1901 முதல் 1916 வரை நடத்திய 'தி கிராப்ட்ஸ்மேன்' இதழ், கைவினைஞனின் உழைப்பு தெரியும் எளிய வீடுகளைப் பரப்பியது. தாழ்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், வெளியே தெரியும் உத்தரங்கள் கொண்ட அவ்வீடுகளில் பலவற்றுக்கு அங்கே வழங்கிய பெயர் 'பங்களா'. வங்காளத்துக் குடிலிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய சொல் அது. அந்த இயக்கத்தினர் வெளிச்சுவருக்குப் பரிந்துரைத்தவை மண்ணின் நிறங்கள்: பழுப்பு, பாசிப் பச்சை, காவி. வீடு நிலத்திலிருந்து முளைத்ததுபோல் தோன்ற வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அங்கே கொள்கையாக வகுக்க வேண்டியிருந்த ஒன்று இங்கே கட்டாயமாகவே இருந்தது. சுவரும் அதன் நிறமும் ஒரே காட்டிலிருந்து வண்டியேறி வந்தன.

கொங்கு நாட்டு மேட்டு நிலங்களில் ஏர் ஓட்டினால் சுக்கான் கல் புரளும். உழவனுக்கு அது தொல்லை, காளவாய்க்காரனுக்கு அதுவே மூலதனம். கோவையின் தென்பகுதியில் சுண்ணாம்புக் காளவாய் என்று ஓரிடமே உண்டு. பேருந்தில் அப்பெயரைக் கேட்டு இறங்குவோரில் எத்தனை பேர் அதன் பொருளை நினைப்பார்களோ தெரியாது. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகைச் சூட்டில் சுட்டால் கரியமில வாயு நீங்கிக் கற்சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் விட்டால் கொதித்துப் பூத்து நீறாகிறது. அந்த நீற்றைக் கரைத்துச் சுவரில் பூசினால், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மீட்டுக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஆகவே வெள்ளையடித்தல் என்பது, நுட்பமாகச் சொன்னால், சுவரின் மீது மெல்லிய கல்லேடு ஒன்றை ஒட்டுவது. பெயிண்டைப் போல அது தோலாகப் படர்வதில்லை, காரையோடு ஒன்றாகிவிடுகிறது. காரையும் அதே சுண்ணாம்புதானே.

சுண்ணாம்பின் தொன்மையைப் பற்றி ஐயமுள்ளவர்கள் மண்டகப்பட்டுக்குப் போகலாம். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்கே கல்லில் பொறித்திருக்கிறான். விட்டவற்றைப் பட்டியலிட்டதனாலேயே, ஏழாம் நூற்றாண்டில் எவற்றைக் கொண்டு கட்டினார்கள் என்பதை நமக்குச் சொல்லிவிட்டான். அதற்கும் முற்பட்ட நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் மாளிகைச் சுதைக்கு வெள்ளியும் சுவருக்குச் செம்பும் உவமையாகின்றன. வெண்மை, செம்மை என்ற இந்த இரண்டே நிறங்களில்தான் நம் சுவர்கள் நெடுங்காலம் நின்றன. வசதியுள்ளவர் வீட்டில் வெள்ளை, ஏனையோர் வீட்டில் செம்மண்ணும் சாணமும்.

வேறு நிறம் வேண்டாமென்று எவரும் ஒதுக்கிவிடவில்லை. சுண்ணாம்பு இடம் கொடுக்கவில்லை. அது கடும் காரம். தாவரச் சாயங்களில் பெரும்பாலானவற்றை மாற்றியோ அழித்தோ விடும். இதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் அது சிவக்கிறது. ஈரோட்டு மஞ்சள் மலைபோல் குவியும் நாட்டில் ஒரு வீட்டுச் சுவரைக்கூட மஞ்சள் கிழங்கைக் கொண்டு மஞ்சளாக்க முடியாது என்பது வேடிக்கையான உண்மை. சிவந்த பிறகாவது நிற்குமா என்றால், வெயில் சில நாட்களில் அதையும் தின்றுவிடும். காரத்துக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிப்பவை மண்ணிலிருந்து எடுத்த இரும்பு நிறங்கள்: செங்காவி, மஞ்சட்காவி. (மஞ்சட்காவியை வறுத்தால் அது செங்காவியாகும், ஒரே மண்ணின் இரு பருவங்கள்.) சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை அடிக்கும் வழக்கத்தில் அழகுணர்ச்சியும் உண்டு, சிக்கனமும் உண்டு. மழையில் முற்றத்துச் செம்மண் தெறிக்கும் உயரம் அதுதான். தெறிக்கப்போகும் நிறத்தையே முன்கூட்டிப் பூசிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்த நிறம் நீலம். அதன் கதை நம்மைப் பாரிஸுக்கு அழைத்துப்போகிறது. ஆப்கானிஸ்தானத்து வைடூரியப் பாறையை அரைத்து எடுத்த நீலம் ஐரோப்பிய ஓவியர்களிடம் பொன்விலை பெற்றிருந்தது. அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 பிராங்க் பரிசு தருவதாக ஒரு பிரெஞ்சுச் சங்கம் 1824இல் அறிவிக்க, ழான் பப்டிஸ்ட் கிமே அதைச் செய்து காட்டி 1828இல் பரிசைப் பெற்றார். அரசர்க்குரிய நிறம் அடுத்த சில பத்தாண்டுகளில் சலவைக்காரரின் பொட்டலத்துக்கு இறங்கிவந்தது. அமிலம் பட்டால் வெளுக்கும் அந்த நீலம் காரத்தில் அசையாது நிற்பதால் சுண்ணாம்புக்கு உற்ற துணையாயிற்று. ஆலை நெய்த வேட்டியின் பழுப்பை மறைக்கப் போட்ட அதே நீலம் சுவர்ச் சுண்ணாம்பின் பழுப்பையும் மறைத்தது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை நீலம் சேர்க்கச் சொல்கிறது. கை சற்றுத் தாராளமானால் வெள்ளை வானநீலமாகிவிடும். நம் ஊர்களில் காணும் இளநீல வீடுகளில் பல, இப்படிக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பழகியவை என்றே நாம் எண்ணுகிறோம்.

எனவே, இவ்வீட்டின் 'அசல்' நிறம் எது என்று கேட்பவர்களுக்கு நேரான விடை இல்லை. தாழ்வார மூலையில், மழையும் வெயிலும் படாத இடத்தில், உள்ளங்கை அளவுக்கு மென்மையாகச் சுரண்டிப் பார்த்தால் ஏடுகள் தெரியும். மேலே பளபளக்கும் எமல்ஷன், அதன்கீழே ஸ்னோசெம், பிறகு நீலம் கலந்த சுண்ணாம்பு, இடையிடையே காவி, அடியில் வெறும் வெள்ளை. ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்ந்த ஏடுகளில் எதை அசல் என்பது? எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. ஆனால் மேலிருக்கும் இரண்டு ஏடுகளும் கீழே உள்ளவற்றிலிருந்து இனத்தால் வேறுபட்டவை என்பதை மட்டும் மறக்கலாகாது.

அந்த மாற்றமும் உள்ளூர்க் கல்லிலிருந்தே தொடங்கியது. 1930களில் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை எழுந்தது. காளவாய்க்குப் போயிருக்க வேண்டிய சுண்ணாம்புக் கல் சிமெண்டாயிற்று. பிறகு சிமெண்ட் வண்ணம் வந்தது. 'ஸ்னோசெம்' என்ற வணிகப் பெயர் அவ்வகை வண்ணம் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. 1942இல் பம்பாயில் தொடங்கிய ஏசியன் பெயிண்ட்ஸ், 1954இல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்து கொடுத்த 'கட்டு' என்னும் குறும்புச் சிறுவனைத் துணைக்கொண்டு சிற்றூர்க் கடைகள் வரை நுழைந்தது. 1990களில் கடைக்குள்ளேயே வண்ணம் கலக்கும் கருவிகள் வந்தன. ராணிக் கலர், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம் என்று தெருக்கள் பூத்துக் குலுங்கியது அதன் பிறகுதான்.

இவ்விடத்தில் நம் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். அந்தச் சுளிப்பில் நமக்கு உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாகச் செம்மண்ணும் சாணமும் மட்டுமே பூசக் கிடைத்த குடும்பம், முதன்முதலாகக் கையில் காசு வந்ததும் தன் வீட்டுக்குக் கிளிப்பச்சை அடிப்பதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. வெள்ளையே உயர்ந்த ரசனை என்று சொல்பவர் யார் வீட்டில் வெள்ளை இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். செங்கல்லும் சிமெண்டும் கொண்டு எழுப்பிய புதிய வீட்டுக்கு எந்த நிறமும் தகும். அங்கே ரசனை மட்டுமே பேச்சு.

பழைய காரைச் சுவரின் நிலை வேறு. அடித்தளத்தில் ஈரத் தடுப்பு இல்லாத காலத்தில் எழுந்தது அது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும், சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே வெளியேறி உலரும். இப்படி மூச்சு விட்டே அது எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் நின்றிருக்கிறது. அதன்மீது பிளாஸ்டிக் படலம் போன்ற எமல்ஷனை அடித்தால் ஈரம் உள்ளே சிக்குகிறது. கிணற்று நீரின் உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகித் தள்ளுகிறது. ஓரிரு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளித்து, உரியும்போது காரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். விழுந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசுகிறார்கள். சிமெண்ட் இறுகியது, சுண்ணாம்பு நெகிழ்வது. விளிம்பெங்கும் விரிசல் விட்டு, ஈரம் அடுத்த பக்கம் திரும்புகிறது. 'பழைய சுவர், இனி நிற்காது, இடித்துவிடலாம்' என்ற சொல் இந்தக் கட்டத்தில்தான் வீட்டுக்குள் நுழைகிறது. சுவரின் மீது சுமத்தப்படும் அந்தக் குற்றம் பெரும்பாலும் பெயிண்டுடையது.

புதுச்சேரியின் வைசியாள் வீதியை இங்கே நினைவுகூரலாம். இன்டாக் அமைப்பு மற்றவர்களோடு சேர்ந்து அவ்வீதியின் தமிழ் வீடுகளின் முகப்புகளை மீட்டது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது. அத்தகைய அமைப்போ சட்டமோ கணபதியின் தனி வீடுகளுக்குத் துணை நிற்கப்போவதில்லை. முடிவு வீட்டுக்காரருக்கும் பெயிண்டருக்கும் இடையில், ஒரு மாலையில் நிகழ்ந்துவிடும்.

அந்த மாலைக்காகச் சில. எமல்ஷன் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. படலத்தைக் காரை வரை நீக்கிய பிறகே வெள்ளை. பெயர்ந்த இடங்களைச் சிமெண்ட் கலவாத சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். தாழ்வாரச் சுவருக்கு வெள்ளை அல்லது மிக வெளிறிய மஞ்சட்காவி, அடிப்பட்டைக்குச் செங்காவி, தூணுக்கு வெள்ளை என்பது ஓட்டின் செம்மையோடு இசையும். நீலம் வேண்டுவோர் அதைத் தாழ்வாரத்தின் உட்புறத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கணவாய்க் காற்று சாரலோடு மோதும் மேற்குச் சுவரில் அது திட்டுத்திட்டாகும். கதவு, ஜன்னல், முகப்பு மரவேலை ஆகியவற்றின் பழைய எண்ணெய்ப் பெயிண்டைத் தீயால் சுட்டோ உலர்வாகத் தேய்த்தோ எடுக்கக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முந்திய ஏடுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அந்தத் தூசு குழந்தைகளின் மூளையைத் தாக்கும். ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அன்று வேறு வீட்டில் விட வேண்டும்.

வெள்ளையடிக்க மாதம் எது என்பதைப் பெரியவர்கள் ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறார்கள். கோவையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்கிறது. மார்கழியில் சுவர் உலர்ந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், பனி ஈரம் இருக்கும். சுண்ணாம்பு அவசரமின்றிக் கல்லாவதற்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. சித்திரை வெயிலில் அடித்த வெள்ளை கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மார்கழிக் கடைசி நாளில், காய்ந்து இறுகிய அந்த வெள்ளைக்கு மேலே, ஓட்டின் இறவாணத்தில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். சுண்ணாம்பில் நிற்காத மஞ்சள் நிறம் அந்த வீட்டுக்கு அப்படித்தான் கிடைத்துவந்தது.